இராமானுஜனுக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள்?



மேற்படிப்பு, வேலைக்கான தயாரிப்பு, உதவித்தொகை இவற்றைப் பற்றி மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் கணிதம் படித்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் கணிதம் சொல்லிக்கொடுத்தவன். ரிடையர் ஆன பிறகு நம் சங்கத்தின் உதவித்தொகைக் குழுவிலும் இருக்கிறேன். அறிவுரையை ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். எனவே நாம் எல்லோரும் அறிந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் கதைதான் எங்களுக்குத் தெரியுமே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்ததையும், 1729 என்ற டாக்ஸி நம்பரையும் நான் சொல்லப் போவதில்லை. அவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது, யார் கையெழுத்துப் போட்டு மறுபடி வந்தது என்பதை மட்டும் சொல்லப் போகிறேன். அவருடைய கணிதத்தைப் புரிந்துகொள்ள நம்மில் பலருக்கு ஒரு ஜென்மம் போதாது. பணக் கணக்கு அப்படியில்லை. அது எல்லோருக்கும் புரியும்.

கிடைத்ததும் போனதும்

1887 டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார் இராமானுஜன். வளர்ந்ததெல்லாம் கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். தகப்பனார் சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. மாதம் இருபது ரூபாய் அளவில் சம்பளம். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். அதில் கொஞ்சம் வரும். கல்லூரியில் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டும் கொஞ்சம் வருமானம் பார்த்தார்கள். ஏழ்மையான, ஆனால் மானமாக வாழ்ந்த குடும்பம். நம்மில் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தானே!

1897இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அடுத்தது டவுன் ஹைஸ்கூல். பதினைந்து பதினாறு வயதில், ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று இரவலாக அவர் கைக்கு வந்தது. ஐயாயிரம் அளவில் சூத்திரங்கள் அதில் வரிசையாக இருக்கும். விளக்கம் மிகக் குறைவு. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த ஒரு டியூஷன் ஆசிரியர் போட்ட புத்தகம் அது. நம்ம ஊர் கைடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் கைடை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே நிரூபித்துப் பார்த்து, அதற்கு மேலும் போய்விட்டார் அந்தப் பையன்.

1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் ஸ்காலர்ஷிப்போடு இடமும் கிடைத்தது. அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பணம். தகுதியால் வந்த பணம்.

ஒரே வருஷத்தில் அது போயிற்று. கணிதத்தைத் தவிர வேறு எதிலும் அவர் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் ஸ்காலர்ஷிப் தொடரும் என்பது விதி. விதியைப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த விதிக்குக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பையனும், எதிலுமே தேறாத பையனும் ஒன்றுதான்.

1905இல் ஒருநாள் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். வயது பதினேழு. ஸ்காலர்ஷிப் போனது என்பது வெறும் பணம் போனது மட்டும் இல்லை. அந்த வயதில் அது முகத்தில் அடித்த மாதிரி. அப்பா அம்மா முகத்தில் எப்படி விழிப்பது, தெருவில் எப்படி நடப்பது என்று ஆகிவிடும். இதைப் படிக்கிற தம்பி தங்கைகளில் யாருக்காவது இந்த வருஷம் ஒரு உதவித்தொகை நின்றுபோயிருந்தால், அந்த ரயிலில் இராமானுஜன் உங்களுக்கு முன்னாலேயே ஏறியவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருஷம் வெறுங்கை

வீடு திரும்பினார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் கணிதத்தில் புலி. உடற்கூறு பாடத்தில் பூஜ்யத்துக்குப் பக்கம். நடுவில் உடம்பும் சரியில்லாமல் போயிற்று. அந்த வருஷக் கடைசியில் எஃப்.ஏ. எழுதித் தோற்றார். அடுத்த வருஷம் மறுபடி எழுதித் தோற்றார். அத்தோடு கல்லூரி முடிந்தது. இராமானுஜனின் பயோடேட்டாவை எழுதினால் கல்வித் தகுதி என்ற இடத்தில் மெட்ரிகுலேஷன் என்று ஒரே வரிதான் வரும்.

டியூஷன் எடுத்துப் பார்த்தார். பாடத்தில் ஆரம்பித்து, பாடத்துக்கு வெளியே எங்கேயோ போய்விடுவார். பையன்கள் பரீட்சைக்கு வேண்டியதை வேறு ஆசிரியரிடம் தேடிக்கொண்டார்கள். தாள் வாங்கக் காசு இல்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அந்த நோட்டுகளை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவருக்கு வந்த ஒவ்வொரு ரூபாயும் அந்த நோட்டுகளால் வந்ததுதான்.

1909இல் ஜானகி அம்மாளைத் திருமணம் செய்துவைத்தார்கள். 1910 ஆரம்பத்தில் ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. வீட்டில் பணம் இல்லை. ஒரு டாக்டர் காசு வாங்காமல் செய்துகொடுத்தார். குடும்பஸ்தர் ஆகிவிட்டார், உடம்பும் தேறிவிட்டது, இனி வேலை வேண்டும்.

அந்த வருஷம் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசுவாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தொடங்கியவர் அவர்தான். இராமானுஜன் அவரிடம் கேட்டது ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை. ரெவின்யூ இலாகாவில் ஒரு குமாஸ்தா வேலை. கையில் எடுத்துப் போனது நோட்டுப் புத்தகம். ராமசுவாமி ஐயர் அதைப் புரட்டினார். இப்பேர்ப்பட்ட ஒருவரைத் தாலுகா ஆபீஸ் கடைசி நாற்காலியில் உட்காரவைத்து மூளையை மழுங்கடிக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலை கொடுக்கவில்லை. அதற்குப் பதில் சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தின் மதிப்பு என்ன என்று பாருங்கள். சென்னையில் அவர் போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் பி.வி. சேஷு ஐயர். கும்பகோணம் கல்லூரியில் இராமானுஜனுக்குக் கணிதம் எடுத்தவர், அப்போது சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்திருந்தார். பழைய வாத்தியாருக்குப் பழைய மாணவனை ஞாபகம் இருந்தது. அவர் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்கு எழுதிக் கொடுத்தார். இப்படி ஒருவர் இன்னொருவரிடம், அவர் மற்றொருவரிடம் என்று கைமாறிப் போனதுதான் இராமானுஜனின் வாழ்க்கை.

மாதம் 25 ரூபாய்

ராமச்சந்திர ராவ் எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடவில்லை. இவர் உண்மையிலேயே கண்டுபிடித்தவரா, எங்கிருந்தாவது பார்த்து எழுதியவரா என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. நியாயமான சந்தேகம்தான். இராமானுஜன் மறுபடி போனார். மறுபடியும் போனார். நோட்டின் கடினமான பக்கங்களை மூடிவிட்டு, அவருக்குப் புரியக்கூடிய எளிய முடிவுகளிலிருந்து ஆரம்பித்து, படிப்படியாக மேலே அழைத்துக்கொண்டு போனார். கலெக்டர் முழுசாக நம்பினார்.

என்ன வேண்டும் என்று கேட்டபோது இராமானுஜன் கேட்டது, கவலையில்லாமல் கணக்குப் போடும் அளவுக்கு ஏதோ பிழைப்புக்குக் கொஞ்சம் பணம். ராமச்சந்திர ராவ் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். எந்த அறக்கட்டளையும் இல்லை, குழுவும் இல்லை, விண்ணப்பப் படிவமும் இல்லை. இராமானுஜன் சென்னையில் தங்கினார். 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை வெளிவந்தது. மெட்ரிகுலேஷன் என்ற ஒற்றை வரிக்குக் கீழே இரண்டாவது வரி எழுதப்பட்டுவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அடுத்தது. அவருக்கு முறையான ஸ்காலர்ஷிப் வாங்கித் தர எடுத்த முயற்சி அப்போது பலிக்கவில்லை. தனி ஒருவர் கையை நீண்ட நாள் எதிர்பார்த்திருக்க இராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. வேலை தேடினார். 1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் மாதம் இருபது ரூபாயில் சில வாரம் தற்காலிக வேலை. அப்புறம் சென்னைத் துறைமுகத்தில், அதாவது போர்ட் டிரஸ்ட்டில், இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு 1912 பிப்ரவரி 9ஆம் தேதி விண்ணப்பம் போட்டார்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் மாணவர்கள் அந்தக் கடிதத்தைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். மிகச் சிறியது. மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்கிறார். சில சங்கடங்களால் மேலே படிக்க முடியாமல் போனதை மறைக்கவில்லை; அழுது புலம்பவும் இல்லை. அந்த நாட்களைக் கணிதத்தில் செலவிட்டதைச் சொல்கிறார். இந்த வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்கிறார். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதம். அவ்வளவுதான். மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா ஆனார்.

மேதைக்குக் குமாஸ்தா வேலையா என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆபீஸின் தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர், கணிதச் சங்கத்துக்காரர். ஆபீஸ் முடிந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இராமானுஜன் பத்துப் படியை ஒரே தாவலில் தாண்டுவார். நாராயண ஐயர் பிடித்து நிறுத்தி, நடுவில் உள்ள படிகளையும் எழுதச் சொல்வார். மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதாவிட்டால் யார் நம்புவார்கள் என்பது அவர் கட்சி. நமக்குத் தெரிந்ததை எதிரே இருப்பவர் அளவுக்கு இறங்கிவந்து சொல்லத் தெரிய வேண்டும். இண்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கடல் கடந்த கடிதங்கள்

இந்தச் சென்னை நண்பர்களால் ஓர் எல்லை வரைதான் போக முடிந்தது. இராமானுஜன் எழுதியது எவ்வளவு புதியது, எவ்வளவு ஏற்கெனவே தெரிந்தது என்று தீர்மானமாகச் சொல்ல இங்கே ஆள் இல்லை. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், 1912 நவம்பரில் லண்டனில் இருந்த தன் பழைய ஆசிரியர் ஹில் என்பவருக்கு எழுதினார். ஹில் பொறுமையாகப் பதில் எழுதினார். குறைகளைச் சுட்டிக்காட்டி, என்ன புத்தகம் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை.

பிறகு இராமானுஜனே கேம்பிரிட்ஜுக்கு எழுத ஆரம்பித்தார். பேக்கருக்கு எழுதினார், பயன் இல்லை. ஹாப்சனுக்கு எழுதினார், பயன் இல்லை. 1913 ஜனவரி 16ஆம் தேதி ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். தான் போர்ட் டிரஸ்ட்டில் வருடத்துக்கு இருபது பவுன் சம்பளத்தில் உள்ள குமாஸ்தா என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, நிரூபணம் இல்லாமல் சுமார் 120 தேற்றங்களை இணைத்திருந்தார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். பிப்ரவரி 8ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார்.

இரண்டு இடத்தில் பதில் இல்லை என்றதும் அவர் பேனாவை மூடி வைத்திருந்தால்? இந்த ஒரு கேள்வியை நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

விதியும் விதிவிலக்கும்

இனிமேல் வருவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். நம் சங்க உறுப்பினர்கள் தயவுசெய்து கவனமாகப் படிக்க வேண்டும்.

ஹார்டியின் பதில் வந்த அதே மாதம் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஸ்பிரிங் அவரிடம் இராமானுஜனின் நோட்டைக் காட்டினார். இது தன் துறை இல்லை, ஆனாலும் தரமானது என்று தெரிகிறது என்ற அளவில் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த இளைஞர் சில வருஷமாவது பிழைப்புக் கவலையில்லாமல் கணிதம் மட்டும் செய்யும்படி பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

கணிதப் பாடக்குழு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகைக்குப் பரிந்துரைத்தது. ஆனால் அந்த உதவித்தொகை எம்.ஏ. தேறியவர்களுக்கு உரியது. இவரோ எஃப்.ஏ.வே தேறாதவர். 1905இல் கும்பகோணத்தில் குறுக்கே வந்து நின்ற அதே மாதிரி விதி மறுபடியும் வந்து நின்றது. இந்தத் தடவை சிண்டிகேட் கூட்டத்தில் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமைகளில் ஒன்று என்று சட்டத்தின் முகப்புரையே சொல்கிறது. அப்படியானால் அந்த நோக்கத்துக்கு உதவாத துணைவிதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்? உதவித்தொகை வழங்கப்பட்டது. 1913 மே 1ஆம் தேதி முதல் இரண்டு வருஷத்துக்கு, மாதம் 75 ரூபாய். குமாஸ்தா சம்பளத்தைப்போல் இரண்டரை மடங்கு. போர்ட் டிரஸ்ட் லீவு கொடுத்தது.

பணம் இலவசமாக வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் அறிக்கையை 1913 ஆகஸ்ட் 5ஆம் தேதி கொடுத்தார். அடுத்து இரண்டு அறிக்கைகள். நாள் கிழமை தெரியாமல் கணக்கில் மூழ்கியிருந்தவர் என்று நாம் நினைக்கும் மனிதர், பணம் கொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய கணக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தார். உதவித்தொகை வாங்கிய கையோடு சங்கத்தை மறந்துவிடுகிற சில தம்பிகள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

1914 ஜனவரியில் ட்ரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த நெவில் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்தார். இராமானுஜனை எப்படியாவது அழைத்து வர வேண்டும் என்று ஹார்டி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நோட்டுகளைப் பார்த்த நெவில், பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். ஸ்பிரிங் கவர்னர் அலுவலகத்துக்கு எழுதினார். பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் கொடுத்தது. பயணத்துக்கும் துணிமணிக்கும் தனியாகப் பணம் கொடுத்தது. அன்றைய மாற்று விகிதப்படி பவுனுக்கு 15 ரூபாய். அதாவது வருஷத்துக்கு 3,750 ரூபாய். போர்ட் டிரஸ்ட் சம்பளம் வருஷத்துக்கு 360 ரூபாய்தான். இதில் 50 பவுன் ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் போகும்படி இராமானுஜன் ஏற்பாடு செய்தார். ட்ரினிட்டி தன் பங்குக்கு வருடம் 60 பவுன் கொடுத்தது. 1914 மார்ச் 17ஆம் தேதி கப்பலேறினார்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

அவர் அங்கே செய்த கணிதத்தை நான் இங்கே விரிக்கவில்லை. 1916இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். அவர் வாங்கிய ஒரே கல்லூரிப் பட்டம் அது. 1918இல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ. அதே வருஷம் ட்ரினிட்டியின் ஃபெல்லோ. குமாஸ்தா நாற்காலியிலிருந்து ஆறே வருஷம்.

ஆனால் பணம் மட்டும் போதாது என்பதையும் அந்த ஐந்து வருஷம் காட்டுகிறது. அவர் போன சில மாதத்தில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. சைவச் சாப்பாட்டுக்காரர். தானே சமைத்துக்கொள்வார், வேலை மும்முரத்தில் வேளை தவறிப்போகும். போர்க்காலத்தில் காய்கறி கிடைப்பதே கஷ்டம். குளிர் வேறு. 1917இல் படுக்கையில் விழுந்தவர் மருத்துவமனை மருத்துவமனையாக மாறினார். மனம் உடைந்து 1918இல் உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடத் துணிந்தார். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். ஸ்காலர்ஷிப் கிடைத்து வெளியூரோ வெளிநாடோ போகும் பிள்ளைகள் என்ன சாப்பிடப் போகிறோம், உடம்புக்கு வந்தால் யாரைக் கூப்பிடுவது, மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள் என்பதையும் பெட்டி கட்டும்போதே யோசித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் நம் பழைய மாணவர் ஒருவர் இருந்தால் அவர் போன் நம்பர் உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

1919 ஜனவரிக் கடிதம்

ஊர் திரும்பும் முன் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருடம் 250 பவுன் வீதம் ஐந்து வருஷத்துக்கு வழங்க முன்வந்தது. 1919 ஜனவரி 11ஆம் தேதி, நோய்ப் படுக்கைக் காலத்தில், பதிவாளருக்கு ஒரு பதில் எழுதினார். நன்றி சொன்னார். தன் தேவைக்கு அது மிகவும் அதிகம் என்று கருதினார். பெற்றோருக்கு 50 பவுனும், தன் அவசியச் செலவும் போக மீதியைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் அதைப் பயன்படுத்தலாம் என்பது அவர் விருப்பம்.

ஸ்காலர்ஷிப் பறிபோய் ரயிலேறி ஓடிய பதினேழு வயதுப் பையன், பதினான்கு வருஷம் கழித்து எழுதிய கடிதம் இது. எனக்கு இராமானுஜனின் எந்தத் தேற்றத்தைவிடவும் இந்தக் கடிதம்தான் நெஞ்சில் நிற்கிறது.

அந்த ஏற்பாடு நிறைவேற அவர் இருக்கவில்லை. 1919 ஏப்ரலில் சென்னை வந்தவர், 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு. கடைசி மாதங்களிலும் படுக்கையில் இருந்தபடி கணக்குப் போட்டார். ஜானகி அம்மாள் பின்னாளில் திருவல்லிக்கேணியில் குடியிருந்து, பல்கலைக்கழகம் கொடுத்த பென்ஷனையும் தன் தையல் வேலையையும் நம்பி வாழ்ந்து, 1994இல் மறைந்தார். அந்த நோட்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் உள்ள முடிவுகளை ஒவ்வொன்றாக நிரூபித்து அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட ஐந்து பாகங்கள் முடிய 1985 முதல் 1998 வரை ஆயிற்று. அவர் பெயரால் வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் நிறுவிய கணித நிலையம் இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கிறது. டிசம்பர் 22 தேசியக் கணித நாள்.

நமக்கு என்ன?

மாணவர்களே, இன்று வழிகள் எவ்வளவோ உண்டு. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சிக் காலத்துக்கு மாதப் பணம் வரும். கணிதம் படிப்பவர்களுக்கு 1983இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கணித வாரியம் இருக்கிறது. வெளிநாட்டு மேற்படிப்புக்கு 1892இல் தொடங்கிய ஜே.என். டாட்டா அறக்கட்டளை கடன் உதவித்தொகை தருகிறது. மத்திய, மாநில அரசுகளின் உதவித்தொகைகளுக்குக் கல்லூரி அலுவலகத்திலேயே விவரம் கேட்கலாம். நிபந்தனையும் கடைசித் தேதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்தந்த வருஷ அறிவிப்பை முழுசாகப் படியுங்கள். உங்கள் வேலையைக் காட்ட ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது கணக்காக இருக்கலாம், கம்ப்யூட்டர் புரோகிராமாக இருக்கலாம், லேப் ரெக்கார்டாக இருக்கலாம். உங்களை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியராவது இருக்கட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். இராமானுஜன் கேட்டார்.

பழைய மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு விஷயம். நம் சங்க உதவித்தொகைப் படிவத்தில் அரியர் எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. பணம் வீணாகக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். அந்த விதிப்படி 1905ஆம் வருஷத்து இராமானுஜனின் படிவம் முதல் சல்லடையிலேயே கீழே விழுந்துவிடும். எல்லா அரியருக்கும் பின்னால் ஒரு இராமானுஜன் இருக்கிறார் என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. இத்தனை வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான். ஆனால் ஒரு பாடத்தில் சோபித்து, இன்னொன்றில் தவறி, பணம் நின்று, படிப்பை விட்டுவிட்டுக் கடையில் நிற்கிற பையனையும் பெண்ணையும் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

ஆகவே பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டு வரப் போகிறேன். ஒவ்வொரு வருஷமும் இரண்டு உதவித்தொகையை அந்த விதிக்கு வெளியே ஒதுக்க வேண்டும். அரியர் இருந்தாலும் பரவாயில்லை. மாணவர் தன் வேலையைக் கொண்டு வந்து காட்டட்டும். ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றுக் கடிதம் தரட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் செய்ததற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பணம் கொடுக்க முடியாதவர்களும் உங்களில் இருப்பீர்கள். ராமசுவாமி ஐயர் ஒரு பைசா கொடுத்ததாக நான் படித்ததில்லை. நோட்டைப் பிரித்துப் பார்த்தார், ஒரு கடிதம் எழுதினார். பாங்க், ஆஸ்பத்திரி, கம்பெனி, கோர்ட் என்று நம் ஆட்கள் இல்லாத இடம் இல்லை. ஒரு மாணவரின் பயோடேட்டாவைப் படித்துத் திருத்திக் கொடுக்கவும், தெரிந்த இடத்துக்கு ஒரு கடிதம் போடவும் தயாராக இருப்பவர்கள் தங்கள் பெயரையும் துறையையும் சங்கச் செயலாளரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியல் கல்லூரி நூலகத்தில் எல்லா மாணவர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும்.

தீர்மானத்துக்கு உங்கள் ஆதரவை வேண்டுகிறேன். வாழ்க நம் கல்லூரி!